களத்துக் காவலும் கஷாயமும்

கல்யாணம் முடிந்து நான் என் வீட்டுக்காரரிடம் பேசிய முதல் பேச்சு, "எனக்கு இப்பம் பிள்ளை வேண்டாம்" என்பதுதான். புதுப்பெண் பேசுகிற பேச்சா இது என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அழகாக வேறு ஏதாவது பேசி நல்ல பெயர் வாங்கியிருக்கலாம். பயம் தொண்டை வரைக்கும் நிற்கும்போது நல்ல பெயர் யாருக்கு வேண்டும்?

பயத்துக்குக் காரணம் என் அக்கா. பதினைந்து வயதில் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். ஒரு பிள்ளை தவழும்போதே அடுத்தது வயிற்றில் இருக்கும். ஒவ்வொரு பேறுக்கும் எங்கள் வீட்டுக்கு வருவாள். ஒவ்வொரு முறையும் போன தடவையை விடப் பாதி ஆளாக வருவாள். சுதந்திரம் கிடைத்த மறு வருஷம், நாலாவது பேற்றில், எங்கள் வீட்டு உள்ளறையிலேயே இரத்தம் நிற்காமல் செத்துப்போனாள். பிள்ளை பிழைத்தது. கடைசி நேரத்தில் அழைத்து வந்த நர்ஸ், அக்காவின் கண்ணை மூடிவிட்டு, வாசலில் நின்ற மற்ற மூன்றையும் பார்த்து, "கொஞ்சம் இடைவெளி விட்டுப் பெத்திருந்தா இவ பொழைச்சிருப்பா" என்றாள். அம்மா எல்லாம் தலைவிதி என்று அழுதாள். நர்ஸ் சொன்னதுதான் எனக்குள் தங்கியது.

சில மாதம் கழித்து அந்த நர்ஸைத் தேடிப் போய், இடைவெளி விடுவது எப்படி என்று கேட்டேன். கல்யாணமாகாத பெண் கேட்கிற கேள்வியா என்று அவள் முகம் சுளிக்கவில்லை. மாதத்தில் எந்த நாட்களில் புருஷனும் பெண்டாட்டியும் தள்ளி இருந்தால் பெரும்பாலும் பிள்ளை தங்காது என்று சொல்லித் தந்தாள். முழுக்க நம்பிவிடாதே என்றும் சொன்னாள். அந்த அறிவைச் சீதனத்தோடு சீதனமாக எடுத்துக்கொண்டுதான் நான் புருஷன் வீட்டுக்கு வந்தேன்.

அவர் பூதப்பாண்டிக்குப் பக்கத்து வயல்காரர். ஏழாம் கிளாஸ் படிப்பு. கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருஷத்துக்கு இரண்டு போகம் விளைவித்துக்கொண்டு, அதற்கு மேல் உலகத்தில் ஒன்றும் தெரியாதவர் போல முகத்தை வைத்துக்கொண்டிருப்பார். நான் சொன்னதைக் கேட்டபோது வெற்றிலைக்கு நரம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். திட்டுவார், சிரிப்பார், இல்லாவிட்டால் அம்மையைக் கூப்பிடுவார் என்று நினைத்து, மூன்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். என் வாய் கொஞ்சம் நீளம். வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன்.

அவர் கேட்டது வேறு. "பொறவு எப்பம் வேணும்?"

எங்கள் வீட்டில், எங்கள் தெருவில், எங்கள் சாதிசனத்தில் ஒரு பெண்ணிடமும் யாரும் அப்படிக் கேட்டு நான் கேட்டதில்லை. அக்காவின் கதையைச் சொன்னேன். அழுதேன். கடைசியில், "தெரியாது. பயம் போன பொறவு" என்றேன்.

"செரி. போனா சொல்லு" என்று வெற்றிலையைப் போட்டுக்கொண்டார்.

இப்படித்தான் எங்கள் களத்துக் காவல் தொடங்கியது. அறுப்புக் காலத்தில் சூடடித்த நெல் களத்தில் கிடக்கும். வீட்டு ஆண்பிள்ளை ஒருவர் களத்தோரத்தில் மாடம் என்கிற ஓலைக் குடிசையில் காவலுக்குப் படுப்பது ஊர் வழக்கம். நான் குறித்துச் சொன்ன நாட்களில் எங்கள் வீட்டுக்காரர் பாயைச் சுருட்டிக்கொண்டு காவலுக்குக் கிளம்பிவிடுவார். அறுப்புக் காலத்தில் இது எல்லோருக்கும் பொருத்தமாகத்தான் பட்டது. நெல்லெல்லாம் பத்தாயத்துக்குள் போய், வைக்கோல் படப்பும் போட்டு, களத்தில் கோழி கொத்தக்கூட ஒரு மணி இல்லாத காலத்திலும் அவர் போனார். ஏலே, புழுதிக்கா காவல் கிடக்கே என்று கூட்டாளிகள் கேலி செய்தார்கள். அங்கே காற்று நன்றாக வருகிறது என்று சொல்வார். அடைமழையிலும் அதையே சொன்னார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர். அதனாலேயே அவருடைய பொய்யை எல்லோரும் நம்பினார்கள்.

வீட்டில் மூன்றாவது ஆள் என் மாமியார். புருஷனை இழந்தவர். எட்டுப் பெற்று ஐந்தைப் பறிகொடுத்தவர். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டு, மிஞ்சிய ஒரு மகனோடு இருந்தார். குரல் மட்டும் ஏழு வீடு தாண்டிக் கேட்கும். பேரப்பிள்ளைக்கு அவர் எடுத்த முயற்சி கொஞ்சமில்லை. ஞாயிறு தவறாமல் நாகராஜா கோயிலுக்குப் பாலும் உப்பும் கொண்டுபோனார். பார்த்த சாமிக்கெல்லாம் நேர்ச்சை வைத்தார். மாதா மாதம் நான் தலைமுழுகும் நாள் எனக்குத் திருவிழா, அவருக்கு இழவு. ஈரத்தலையோடு நான் கிணற்றடியிலிருந்து வருவதைப் பார்த்துவிட்டால், அன்றைக்குக் குழம்பில் புளி தூக்கலாக இருக்கும்.

ஒன்றரை வருஷம் போனது. ஊர் ஆண்களெல்லாம் நாம் திருவிதாங்கூரா, தமிழ்நாடா என்று டீக்கடையில் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் என் வயிற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரி அதில் தலைவி. அவள்தான் ஒருநாள் மாலை, தோவாளைப் பக்கம் ஒரு பெண் இருக்கிறது, வீட்டுவேலை எல்லாம் தெரியும், இரண்டாம் தாரமாகக் கொடுக்கச் சம்மதம் என்று வந்து உட்கார்ந்தாள். அப்போதெல்லாம் அது சட்டத்துக்கும் விரோதமில்லை, ஊருக்கும் விரோதமில்லை. பிள்ளை இல்லாதவளை ஒரு மூலையில் போட்டுவிட்டு அடுத்தவளைக் கொண்டுவருவார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மாமியார் வேண்டாம் என்று சொல்லவில்லை. "பொண்ணு என்ன நிறம்?" என்று கேட்டார்.

அந்த நேரத்தில் அவர் வயலிலிருந்து வந்தார். காலில் சேறு. முற்றத்தில் நின்றபடியே விஷயத்தைக் கேட்டார். பிறகு சாதாரணமாக, உரம் வாங்கினதைச் சொல்வது போல, "கொறை அவளுக்கு இல்ல. எனக்காக்கும். நாகர்கோயில்ல டாக்டரைப் பாத்தேன், சொல்லிட்டாரு. இன்னொருத்தியக் கொண்டுவந்தாலும் இதுதான் கதை" என்றார். கால் கழுவக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

அந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. நாஞ்சில் நாட்டில் ஓர் ஆண்பிள்ளை தன் வாயால் அப்படிச் சொன்னதாக நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. சொத்தை விட்டுக்கொடுக்கிறவன் உண்டு, உயிரைக் கொடுக்கிறேன் என்று மேடையில் பேசுகிறவனும் உண்டு. மீசையை விட்டுக்கொடுத்தவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான். எதிர்வீட்டுக்காரி எழுந்து, செய்தியைச் சுமந்துகொண்டு ஓடினாள். விளக்கு வைப்பதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மாமியார் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையிலேயே மாமியார் ஆசானிடம் போனார். ஆசான் என்றால் எங்கள் பக்கத்து வைத்தியர். வேரும் கட்டையுமாக ஒரு பொட்டலத்தோடு திரும்பி வந்து, முற்றத்தில் கல்லைக் கூட்டிக் கஷாயம் வைத்தார். அன்றிலிருந்து தினமும் கஷாயம். கசப்பு மணம் தெரு முழுக்கப் பரவும். யாராவது மூக்கைப் பொத்திக்கொண்டு என்ன என்று கேட்டால் போதும், எனக்க மவனுக்குள்ள மருந்தாக்கும் என்று ஊருக்கே கேட்கும்படி சொல்வார். ஏன் இதை அடுக்களைக்குள் வைத்துக் காய்ச்சக் கூடாது என்று எனக்கு எரிச்சலாக வரும். மகனுடைய மானத்தை இப்படி வாசலில் வைத்துக் கொதிக்க விடுவார்களா?

என் வீட்டுக்காரரோ, ஒரு நோயும் இல்லாத மனுஷர், தினமும் அரைக்கால்படிக் கஷாயத்தை முகம் கோணாமல் குடித்தார். "எதுக்கு இந்தப் பாடு? கொல்லையில ஊத்திருங்க" என்று நான் காதோடு சொன்னேன். "அம்மை கஷ்டப்பட்டுக் காய்ச்சுகா. ஏமாத்துனது நானில்லா? குடிச்சுட்டுப் போறேன்" என்றார்.

அதற்கடுத்த தையில் அவருடைய சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். பந்தல்கால் நாட்டும் நாளில், அண்ணன் முறைக்கு அவரும் மற்ற ஆண்களோடு போய்ப் பந்தல்காலைத் தூக்கினார். கூட்டத்தில் ஒரு பெரிய மனுஷர் மெதுவாக அவர் கையை எடுத்துவிட்டு, "நீ நில்லு மக்கா, பிள்ளை குட்டி உள்ள கை பிடிக்கட்டும்" என்றார். கடிந்தெல்லாம் பேசவில்லை, அன்பாகத்தான் சொன்னார். இவர் விலகி நின்று வேட்டியைச் சரிசெய்துகொண்டார். நான் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தேன். எனக்கு அந்தப் பந்தல்காலைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது.

வீட்டுக்கு வந்ததும், "போதும். இனி உங்களை ஒருத்தரும் அப்படிச் சொல்லக் கூடாது. நாம பெத்துக்கிடலாம்" என்றேன்.

"பயம் போயிட்டா?"

"போகல்ல."

"பொறவு எதுக்கு? அந்தக் கெழவனுக்குக் காட்டவா நாம பிள்ளை பெறணும்?" என்று சொல்லிவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு வெறும் களத்துக்குக் காவலுக்குப் போனார். என் புருஷன் மீது எனக்கு அன்றைக்கு வந்த மரியாதையை எந்தச் சாமி மீதும் நான் வைத்ததில்லை.

பயம் போனது அவருக்காக அல்ல. அது போன விதமே வேறு. எதிர்வீட்டுக்காரியின் மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். விடியும் நேரத்தில் வலி வந்துவிட்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவச்சி கையை விரித்தாள். வில்வண்டி கட்டி நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தாய்க்காரி மயங்கி மயங்கி விழுந்ததால், பெண்ணைத் தாங்கிப் பிடிக்க என்னை ஏற்றிவிட்டார்கள். இரண்டாம் தாரப் பேச்சைக் கொண்டுவந்தவள் வீட்டுக்கு நான் ஏன் போகவேண்டும் என்று ஒரு நொடி நினைத்தேன். பிறகு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். அக்காவின் முகம் போலவே வெளுத்திருந்தது. ஏறி உட்கார்ந்தேன்.

வழி நெடுக அவள் என் கையை இறுக்கிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே மணலில் உட்கார்ந்து, அக்கா செத்ததை மறுபடியும் முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மதியத்துக்கு மேல் கூப்பிட்டார்கள். பிள்ளை ஒரு பக்கம் கத்திக்கொண்டிருந்தது. அவள் கட்டிலில் கிடந்தபடியே என்னைப் பார்த்து, "மைனி, பசிக்கு. புட்டும் பழமும் கிட்டுமா?" என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பிள்ளை பெறுகிறவள் சாகாமலும் இருப்பாள், பிழைத்து எழுந்து புட்டும் கேட்பாள் என்று அறிவுக்கு எப்போதோ தெரியும். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

அன்றைக்கு அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "வேணும்" என்றேன்.

"என்னது, தீயலா?"

"பிள்ளை."

வாயில் சோற்றோடு என்னைப் பார்த்தார். விழுங்கினார். "நெசமாட்டா? யாரும் ஏதும் சொன்னாவளா?" என்று கேட்டார். இல்லை, எனக்கே தோன்றியது என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோதுதான், அவருக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. இத்தனை நாள் அதை என் கண்ணில் காட்டவே இல்லை. அந்த மாதம் முதல் களம் காவலில்லாமல் கிடந்தது.

கும்பப்பூ நடவு சமயத்தில் எனக்கு நாள் தள்ளிப்போனது. இரண்டு மாதம் உறுதியாகிற வரை சந்தோஷத்தில் மிதந்தேன். பிறகு ஒரு காலையில் மாவாட்டிக்கொண்டிருந்தபோது சட்டென்று கை நின்றது. குறை அவருக்கு என்று ஊரே நம்பிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் என் வயிற்றில் இருப்பது யாருடையது என்று கேட்க மாட்டார்களா? என்னைக் காப்பாற்ற அவர் சொன்ன பொய், என் பிள்ளையின் தலையில் வந்து விழப் போகிறது. அவரிடம் சொன்னேன். அவருக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. முகம் செத்துவிட்டது. "நான் பொய் சொன்னேன்னு இப்பம் சொன்னா எவன் நம்புவான்? உன்னைக் காப்பாத்தப் பொய் சொல்லுகேம்பான்" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

மாமியாரிடம் மறைக்க முடியாது. நான் தலைமுழுகாததை அவர் என்னைவிட முன்னால் கவனித்திருப்பார். ஆனாலும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. அவரைப் பெற்ற தாயே என்னைச் சந்தேகப்பட்டால் நான் எங்கே போவேன்?

பழையாற்றுப் படித்துறையில்தான் அது வெடித்தது. நானும் மாமியாரும் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். எதிர்வீட்டுக்காரி இரண்டு படி மேலே இருந்தாள். நான் குமட்டி வாந்தியெடுத்தேன். எதிர்வீட்டுக்காரி மாமியாரிடம், "நல்லாத்தான் இருக்கு. ஆனா கொறை உனக்க மவனுக்குன்னுல்லா சொன்னான்? பொறவு இது எப்பிடியாக்கும்?" என்றாள். அவளுடைய மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நான் ஆஸ்பத்திரி வரை போயிருக்கிறேன். அதெல்லாம் அவள் நாக்குக்குத் தெரியாது.

மாமியார் துவைத்த வேட்டியைப் பிழிந்து முடித்தார். நிதானமாக நிமிர்ந்தார்.

"ஏட்டி, உனக்கு மூக்கு இருக்கா, இல்லியா? ரெண்டு வருசமாட்டு எனக்க முற்றத்துல கஷாயம் கொதிக்கு. என்ன எழவுடீ காய்ச்சுகேன்னு நீயே எத்தனை மட்டம் வந்து கேட்டே? எனக்க மவன் முகத்தைச் சுளிக்காம குடிச்சதைக் கண்டவதானே நீ? மருந்து குடிச்சா சொகமாவும். உனக்கு வேணும்னா சொல்லு, நாக்குக்கு ஒரு மருந்து ஆசான்கிட்ட கேட்டு வாறேன்" என்றார். பழையாற்றின் அக்கரைக்கும் கேட்டது.

பெண்கள் சிரித்துவிட்டார்கள். ரெண்டு வருஷ மணம் எல்லோர் மூக்கிலும் இருந்தது. ஒருத்தி, ஆசான் கைராசிக்காரர்தான் என்றாள். இன்னொருத்தி தன் தம்பிக்கு அந்த மருந்து கிடைக்குமா என்று கேட்டாள். எதிர்வீட்டுக்காரி துணியை அள்ளிக்கொண்டு படியேறினாள். மாமியார் என் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டு, "போயிக் கிட மக்கா, வெயில் ஏறுகு" என்றார். அவர் என்னை மக்கா என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அழுதுகொண்டே போனேன். தப்பித்தோம் என்ற அழுகை. ஆசான் மருந்தையும் மாமியாரின் அறியாமையையும் மனசுக்குள் கும்பிட்டேன்.

பிள்ளை ஆஸ்பத்திரியில்தான் பிறந்தது. அக்கா செத்த அறைக்கு நான் போகமாட்டேன் என்றதும், தாய்வீட்டு முறையை யார் கேட்டது என்று மாமியாரே துணைக்கு வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தார். பெண் குழந்தை. நான் சாகவில்லை. எனக்கும் பசித்தது.

வீட்டுக்கு வந்தபின் ஒரு காலையில் மாமியார் அடுக்களையில் உருளியை வைத்து எனக்குப் பேறுகால லேகியம் கிண்டிக்கொண்டிருந்தார். கருப்பட்டியும் சுக்கும் மணத்தது. பிள்ளை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. பேச்சுவாக்கில், "இது நல்ல மணமா இருக்கு அத்தை. அந்தக் கஷாயத்தை இனிக் காய்ச்சாண்டாம், என்னா?" என்றேன்.

"எனக்கு வேணும்லா. கால்முட்டு வேதனை வந்தா என்ன செய்ய?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் கிண்டுவதை நிறுத்தாமலே சொன்னார். "மொதல்ல கொண்டுவந்த ஒரு பொட்டலம் அவனுக்குள்ளது. பொறவு காய்ச்சினது எல்லாம் எனக்க முட்டுக்குள்ள மருந்து. குறுந்தோட்டி வேரு. சோக்கேடு இல்லாதவனுக்கு அந்த மருந்து என்னத்துக்கு? இதுன்னா கெடுதல் இல்ல. பாதி அவன் குடிச்சான், மிச்சம் நான் குடிச்சேன்."

எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"நெல்லு இல்லாத களத்துக்கு எவனாம் காவல் போவானா? நீ தலைமுழுகுத நாளும் எனக்குத் தெரியும், அவன் பாய் சுருட்டுத நாளும் எனக்குத் தெரியும். எட்டுப் பெத்தவளாக்கும் நான். ரெண்டையும் சேத்துப் பாக்க எவ்வளவு நேரம் ஆவும்?"

"பொறவும் ஏன் காய்ச்சுனிய? தெருவே பாக்க, முற்றத்துல வச்சு?"

"என்னைக்காம் ஒருநா உனக்கு மனசு வரும். பிள்ளை உண்டாவும். அன்னைக்கு ஊரு கேக்கும்லா? அந்த மடையன் அதை நெனைக்காமச் சொல்லிட்டான். நான் நெனைக்காண்டாமா?" என்றார்.

இரண்டு வருஷம், மலடனைப் பெற்ற தாய் என்று ஊர் பரிதாபப்பட்டதை இந்தப் பெண்பிள்ளை தெரிந்தே சுமந்திருக்கிறார். பேரப்பிள்ளைக்கு ஏங்கிக்கொண்டே, அது வராத நாட்களுக்குக் காவல் இருந்திருக்கிறார். நான் பயந்தவள், என் வீட்டுக்காரர் பொய் சொன்னவர், இருவரையும் சேர்த்துக் காப்பாற்றியவர் இவர். மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுதுகொண்டே, கல்யாணத்தன்று நான் சொன்னதையும், உங்கள் மகன் என்னைத் திட்டவில்லை, எப்பம் வேணும் என்றுதான் கேட்டார் என்பதையும் சொன்னேன்.

கிண்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"என்னன்னு கேட்டான்?"

"பொறவு எப்பம் வேணும்னு."

எட்டு முறை பெற்றவர். லேகியம் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது, கவனிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார்.

"இன்னொருக்காச் சொல்லு மக்கா" என்றார். "எனக்க மவன் என்னன்னு கேட்டான்?"